இடது கைக் காப்பு

எனக்குப் பெரிய குரல். எங்கள் ஊர் கிளினிக்கில் பெயர் பதியும் கவுண்டரில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து, வந்தவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதை இன்னும் பெரிதாக்கிக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம், பிள்ளைகளின் அழுகை, சுவரில் ஓடும் டிவி எல்லாவற்றையும் தாண்டி என் குரல் கார் நிறுத்தும் இடம் வரைக்கும் போகும். "உங்களால எனக்கு மைக் வாங்குற வேலை மிச்சம்" என்று டாக்டர் சிரிப்பார். எனக்கும் அதில் பெருமைதான். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இதைப் பொறுமையாக எழுது, கோபப்படாமல் எழுது என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவர்கள் யாருக்கும் காலில் விரல் போகவில்லை. அதனால் நான் என் இஷ்டத்துக்கே எழுதுகிறேன்.

மலேசியாவில் தமிழராகப் பிறந்தால் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஓர் ஒட்டு நிற்கும். ஆண் என்றால் அனாக் லெலாக்கி, மகன். பெண் என்றால் அனாக் பெரம்புவான், மகள். பிறந்த அன்று யாரோ ஒரு பதிவுப் பாரத்தில் எழுதியது, ஐசி என்கிற அடையாள அட்டையில் ஏறி, சாகும்வரை கூடவே வரும். எங்கே யார் கூப்பிட்டாலும் அந்த ஒட்டோடுதான் கூப்பிடுவார்கள். நான் அந்த ஒட்டைக் கொஞ்சம் அழுத்தியே கூப்பிடுவேன். நம்மவர்களில் ஒரே பெயர் ஆணுக்கும் இருக்கும், பெண்ணுக்கும் இருக்கும். ஆள் மாறி மருந்து போய்விடக் கூடாதே என்ற கவனம். அவ்வளவு பொறுப்பான ஆள் நான்.

அவள் வந்தது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை கிளினிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லை தாண்டிப் போகும் சிங்கப்பூர் வேலைக்கு மட்டம் போட்டவர்கள் எல்லாம் எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்க வந்து நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டிருப்பார்கள். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சந்து வழியாக ஐசி உள்ளே வந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. பதிந்தேன், அட்டையை எடுத்து வைத்தேன், முறை வந்ததும் கூப்பிட்டேன்.

யாரும் எழவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். எழவில்லை. மூன்றாவது தடவை, நடுவில் இருக்கும் அனாக் லெலாக்கியை நன்றாக இழுத்து, கார் நிறுத்தும் இடம் வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன். மூலையில் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் எழுந்தாள். ஒரு காலை முழுசாக ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு அப்போது புரியவில்லை என்று எழுதினால் பொய். புரிந்தது. புரிந்த பிறகும், அதே குரலில், "இது உங்க ஐசிதானா?" என்று கேட்டேன்.

எங்கிருந்தோ ஓர் ஆண் குரல், "அலமாக், பொண்டான்டா" என்றது. திருநங்கைகளைக் கேவலப்படுத்தும் மலாய் வார்த்தை அது. இரண்டு வரிசை சிரித்தது. அவள் நொண்டிக்கொண்டே கவுண்டருக்கு வந்து கையை நீட்டினாள். "ஐசிய குடுங்க." கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே போய்விட்டாள். சிரித்தவனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து என் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. பொந்தியான் பக்கம் ஒருவர் ரவிக்கை தைக்கிறார், முன்பு பத்து பாகாட் ஊரில் தையல் ஃபேக்டரியில் வேலை செய்தவராம், கை சுத்தம், சொன்ன நாளுக்குக் கொடுத்துவிடுவார் என்று தங்கை சொல்லி அனுப்பினாள். போனேன். உள்ளிருந்து வந்தவளைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். இருபது வருடம் முகம் பார்க்காமல் பெயர் கூப்பிட்டவளுக்கு வேறென்ன தோன்றும்?

"கைய தூக்குங்க" என்றாள். தூக்கினேன். டேப்பை என் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து பிடித்தபோது, "கொஞ்சம் லூசா வைங்கம்மா, மூச்சு விட முடியணும்" என்றேன். டேப் அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க அந்த கிளினிக் கவுண்டர் அக்காதானே?"

எனக்கு இரண்டு கையும் மேலே தூக்கியபடி இருந்தது. இறக்கவும் தெரியவில்லை.

"உங்க குரல மறக்க முடியுமா" என்று சொல்லிவிட்டு அளவை நோட்டில் எழுதினாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். தையல் மெஷினுக்குக் கீழே அவள் செருப்பில்லாத கால் தெரிந்தது. சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை.

பிறகு தெரிந்தது, அன்று கிளினிக்கிலிருந்து போனவள் வேறு எந்த கிளினிக்குக்கும் போகவில்லை. எங்கே போனாலும் கண்ணாடிக்குப் பின்னால் என்னைப் போல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று தெரியும். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி உள்ள உடம்பு. கால் புண்ணுக்கு மஞ்சளையும் கடை மருந்தையும் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். காய்ச்சலில் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்களாம். இரண்டு விரலோடு நின்றது.

நான் மன்னிப்புக் கேட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதையும் ஒழுங்காகக் கேட்கவில்லை. "நான் ரூல்படிதாம்மா கூப்பிட்டேன்" என்று ஆரம்பித்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "ரூல் எனக்கும் தெரியும்க்கா" என்றாள். "இனிமே நம்பர் போட்டு கூப்பிடுங்க. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். என்னை மாதிரி இன்னும் நாலு பேரு இருக்காங்க. அவங்களும் எங்கயும் போறதில்ல."

மறுவாரமே டாக்டரிடம் சண்டை போட்டு நம்பர் சீட்டு கொண்டுவந்தேன். வேறு கிளினிக்குகளுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியவர்களை, என் விடுமுறை நாளான புதன்கிழமைகளில் காரில் கூட்டிப் போனேன். அங்கே நான் செய்த வேலை ஒன்றுதான். கவுண்டரில் இருப்பவளிடம் முதலிலேயே போய், "பேரை கூப்பிடாதீங்க, நம்பரை கூப்பிடுங்க" என்று சொல்வது. பாதிப் பேர் சரி என்பார்கள். மீதிப் பேர், "ஏன், என்ன பிரச்சனை?" என்று என் பின்னால் நிற்பவரை மேலும் கீழும் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் பார்த்த பார்வைதான். அவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என் மேல் வந்த ஆத்திரம்.

சனிக்கிழமை மாலைகளில் அவள் தைத்த ரவிக்கைகளை என் வீட்டுக்குக் கொண்டுவருவாள். அவள் வீட்டுக்குப் போகக் கூச்சப்பட்ட பெண்கள் என் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் வந்து வாங்கிக்கொள்வார்கள். அவளோடு கெலாங் பாத்தா கேண்டீனில் சமைக்கும் ஒரு திருநங்கையும், கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடும் இன்னொருத்தியும் வருவார்கள். தேநீர், குய் பலகாரம், பேச்சு. யாரும் கூட்டம் என்று சொல்லிக் கூட்டவில்லை. ரவிக்கை வாங்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், அடுத்த வாரமும் வந்தார்கள்.

கேட்கக் கூடாத கேள்விகள் எல்லாம் அங்கே கேட்கப்பட்டன. முதலில் கேட்டது நான்தான். "எப்பலேர்ந்தும்மா நீ பொண்ணா மாறுன?"

"மாறலக்கா. பள்ளிக்கூடத்துல பொம்பள புள்ளைங்க ஒரு வரிசை, ஆம்பள புள்ளைங்க ஒரு வரிசைன்னு நிக்க சொல்லுவாங்கல்ல. நான் போய் பொம்பள புள்ளைங்க வரிசையில நிப்பேன். வாத்தியாரு ரோத்தானால அடிச்சி அந்த பக்கம் தள்ளுவாரு. மறுநாளும் இங்கதான் நிப்பேன். குறும்புன்னு நெனச்சாரு. எனக்கு என் வரிசை தெரிஞ்சிருந்திச்சி, அவருக்குத்தான் தெரியல."

அதற்கு மேல் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை தினமும் பிரம்படி வாங்கிக்கொண்டு குறும்பு செய்யாது.

ஆனால் ஊர் என்னைப் பாராட்டத் தொடங்கியது. கோயிலில் பார்க்கிறவர்கள், "பெரிய புண்ணியம் பண்றீங்க" என்றார்கள். புண்ணியமாம்! ஒருவர் காலை மிதித்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு நம் காலை எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் புண்ணியமா? இதை நான் அவர்களிடமே சொன்னேன். தன்னடக்கம் என்று அதையும் பாராட்டினார்கள்.

இனி திருவிழாக் கதை. ஆஸ்பத்திரியில் பாதம் போகும் என்று சொன்ன அன்று, அவள் எங்கள் ஊர் அம்மனுக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டிருந்தாள். அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். இவள் செய்ய வேண்டியதுதான் பாக்கி. ஆனால் இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். காரணம் காப்பு. பால்குடம் எடுக்கிற அன்று காலையில் மஞ்சள் நூலில் காப்பு கட்டுவார்கள். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை.

"வலது கையில கட்டுனா அந்த வேண்டுதல் வேற யாரோ செஞ்ச மாதிரிக்கா. அம்மனுக்கு அவ யாரு கால காப்பாத்துனான்னு தெரியும். நான் போய் வேற ஆளா நிக்க கூடாது" என்றாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இடது மணிக்கட்டில் ஒரு முழம் மஞ்சள் நூல்.

"நான் இருக்கேன்" என்றேன். கோயில் மகளிர் பிரிவில் பத்து வருடமாக மஞ்சள் நூல் வெட்டுவதும் பெண்களின் பெயரைப் பதிவதும் நான்தானே. பெண்கள் பட்டியலில் அவள் தன்னை எல்லோரும் அழைக்கச் சொல்லும் பெயரை எழுதினேன். நட்சத்திரம் எழுதினேன். பிறகு ஐசி நகல் கேட்டேன்.

"ஐசி வேணுமாக்கா?" என்று ஒரு நிமிடம் தயங்கினாள்.

"பாரம்னா காப்பி இருக்கணும்மா."

இருக்க வேண்டியதில்லை. கோயில் பாரத்தில் ஐசிக்கு இடமே கிடையாது. யாரும் கேட்டதில்லை. அது என் கவுண்டர் புத்தி. நகல் இல்லாத பாரத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும், என் பட்டியலில் இருந்த எல்லாருடைய நகலையும் வாங்கிப் பின் அடித்து ஃபைலில் போட்டு, கமிட்டித் தலைவர் கையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன ஒழுங்கு! என்ன நேர்த்தி!

திருவிழா அன்று காலை காப்புக் கட்டும் வரிசையில் அவள் முறை வந்தது. மஞ்சள் சேலை, தலையில் பூ. பூசாரி நூலை எடுத்தார். அவள் இடது கையை நீட்டினாள். பக்கத்தில் ஃபைலோடு நின்றிருந்த தலைவர் பக்கத்தைப் புரட்டினார், நகலைப் பார்த்தார், "சாமி, கொஞ்சம் இருங்க" என்றார்.

"இது அனாக் லெலாக்கி. வலது கைய நீட்ட சொல்லுங்க."

"அவங்க பொண்ணு" என்றேன் நான்.

"நான் சொல்லலம்மா, ஐசி சொல்லுது. நாங்க யாரையும் ஒதுக்கலயே? வேணாம்னு சொல்லலயே? வலது கையில கட்டிக்கிட்டு தாராளமா பால்குடம் எடுக்கட்டும்."

தாராளமாக. அந்தச் சொல்லில்தான் எனக்குத் தலைக்கேறியது. வெளியே போ என்று சொல்கிறவனிடம் சண்டை போட்டுவிடலாம். உள்ளே வா, ஆனால் நீயாக வராதே என்று சிரித்த முகத்தோடு சொல்கிறவரை என்ன செய்வது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கூட நூலைப் பிடித்துக்கொண்டு தயாராகத்தான் இருந்தார், கமிட்டிதான் இடம் கொடுக்கவில்லை.

கத்தினேன். என் முழுக் குரலையும் எடுத்துக் கத்தினேன். "அம்மன் உங்ககிட்ட ஐசி காப்பி கேட்டாளா? கோயில் பாரத்துல ஐசி எங்க இருக்கு, காட்டுங்க!" என்றேன்.

"நீங்கதானம்மா வச்சி குடுத்தீங்க" என்றார் தலைவர்.

உறுமி மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வரிசை முழுக்க அவளைப் பார்த்தது. கிளினிக்கில் பார்த்தார்களே, அதே மாதிரி. அன்றும் இன்றும் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது என் குரல்தான்.

அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அக்கா, உங்க குரல் வேணாம். நானே நிக்கிறேன்."

நின்றாள். இடது கையை நீட்டியபடி நின்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை, தலைவரைப் பார்க்கவும் இல்லை. கர்ப்பக்கிரகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலைவர் பின்னால் இருந்தவர்களிடம், "நீங்க சுத்தி வாங்கம்மா, நேரமாவுது" என்று கையை ஆட்டினார். ஒருத்தி சுற்றி வந்து கட்டிக்கொண்டாள். இன்னொருத்தி வந்தாள். மூன்றாவது ஒருத்தி. சனிக்கிழமை என் வீட்டில் தேநீர் குடித்தவர்கள். மூன்று பேர் போட்டிருந்ததும் அவள் தைத்த ரவிக்கை. கை அளவு கச்சிதமாக இருந்தது. குனிந்த தலையோடு தாண்டிப் போனார்கள். அவர்கள் பெயரை இங்கே எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

நான்காவதாக வந்தது தலைவரின் மனைவி. அவரும் அந்த வருடம் பால்குடம். தலைவர் கையை ஆட்டினார். அந்த அம்மா நகரவில்லை.

"அவங்களுக்கு கட்டிட்டு எனக்கு கட்ட சொல்லுங்க" என்றார்.

"நீ சும்மா இரு. சுத்தி வா."

"நான் அவங்க பின்னாலதான நிக்கிறேன்? எதுக்கு சுத்தணும்? என் முறை வந்தா கட்டிக்கிறேன்."

அதற்குப் பின்னால் இருந்தவளும் நகரவில்லை. தலைவரின் மனைவியைத் தாண்டிப் போகிற தைரியம் யாருக்கு உண்டு? நியாயத்துக்காக நின்றாரா, அவள் தைக்கிற ரவிக்கைதான் தனக்குப் பொருந்துகிறது என்பதற்காக நின்றாரா, வீட்டில் வேறு ஏதாவது கணக்கைத் தீர்க்க நின்றாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குடத்தில் பால் காத்திருந்தது. தலைவர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே யாரோ கூப்பிடுகிற மாதிரி நகர்ந்தார். பூசாரி நூலை அவள் இடது மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார். விபூதி பூசினார். "அடுத்து" என்றார்.

எட்டு விரலோடு, செருப்பில்லாமல், தார் ரோட்டில் அவள் பால்குடம் தூக்கி நடந்தாள். எங்கேயும் நிற்கவில்லை. தலைவர் ஊர்வலம் முழுக்க அவளுக்கு இடது பக்கமாகவே நடந்து வந்தார். கண்காணிக்கவோ, போட்டோவில் விழவோ. இரண்டும் அவருக்கு வேலைதான்.

பால் ஊற்றிவிட்டு வந்தவள் என் தோளில் சாய்ந்து, "முடிஞ்சிதுக்கா" என்றாள். எனக்கு முடியவில்லை. இன்னும் முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து கோயில் மண்டபத்தில் திருவிழாப் படங்களைப் பெரிதாக்கி மாட்டினார்கள். நடுவில் தலைவர், நெற்றி நிறைய விபூதியோடு, கம்பீரமாக. படம் அவர் தோளுக்குப் பக்கத்தில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டியவருக்கு அவள் முகத்தை எடுத்துவிட முடிந்தது. குடத்தைப் பிடித்திருந்த கையை எடுக்க முடியவில்லை. அந்தக் கை தலைவரின் காதுக்குப் பக்கத்தில் இருந்தது, அதை வெட்டினால் தலைவரின் காதும் போய்விடும். ஆகவே படத்தின் ஓரத்தில், பாதிக் குடமும், அதைத் தாங்குகிற ஓர் இடது கையும், அதில் மஞ்சள் நூலும்.

அவளைக் கூட்டிப் போய்க் காட்டினேன். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கிட்டே போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கை நல்லா விழுந்திருக்குல்லக்கா" என்றாள். அவளுக்கு அது போதும். அவளுக்கு வேண்டியிருந்தது அந்தக் கைதான்.

எனக்குப் போதாது. இருபது வருடம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்காமல் விட்ட முகம் அது. எனக்கு அந்த முகம் வேண்டும்.